இருபத்துமூன்றாம் எண்

வந்தவர் கதவைத் தட்டவில்லை. செருப்போடு நேரே உள்ளே வந்து, அறையின் நடுவில் நின்று, "இன்னிக்கு நாலு மணிக்குள்ள எனக்கு ஒரு விஷயம் தெரிஞ்சாகணும்" என்றார்.

ரேடியோக்காரர் பற்றவைத்துக்கொண்டிருந்த கம்பியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். மூன்று வாரமாக அண்ணியைத் தேடி ஒருவரும் வரவில்லை. மனிதருக்குக் கை அரித்துக்கொண்டிருந்தது.

அண்ணி எழவில்லை. "முதல்ல உட்காருங்க. நாலு மணிக்கு இன்னும் ஆறரை மணி நேரம் இருக்கு" என்றார்.

அண்ணி ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இருபத்தாறு வருடம் சேதங்களைப் பார்வையிடும் வேலையில் இருந்தவர். எரிந்த கிடங்கு, கவிழ்ந்த லாரி, தண்ணீரில் நனைந்த சரக்கு, எதைக் காட்டினாலும் அவரிடம் ஒரே கேள்விதான் இருக்கும். இது தானாக நடந்ததா, யாராவது நடத்தியதா? ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வீடு தேடி வந்தார்கள். முன்னறையின் ஒரு பக்கம் அவருடைய நாற்காலி, மறுபக்கம் கொழுந்தனாரின் ரேடியோ பழுதுபார்க்கும் மேசை. கொழுந்தனாருக்கு நாற்பத்திரண்டு வயது. ரேடியோவைவிட அண்ணியிடம் வரும் வழக்குகள் மேல்தான் அவருக்கு ஆசை அதிகம்.

வந்தவர் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்ற பேராசிரியர். அவர் சொன்ன விஷயம் இது. நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் தசை நலிந்துபோகும் நோயோடு முப்பத்தேழு குழந்தைகள் பதிவாகியிருக்கிறார்கள். அதற்கு ஒரே ஒரு ஊசி உண்டு. வாழ்நாளில் ஒரு தடவை, இரண்டு வயது முடிவதற்குள் போட வேண்டும். யாராலும் வாங்க முடியாத விலை. தயாரிப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒன்று இலவசமாகத் தருகிறார்கள். யாருக்கு என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்கும்.

"அந்தக் குலுக்கல் மிஷினைச் செஞ்சு கொடுத்தது நான். நேத்து குலுக்கினாங்க. இருபத்துமூணாம் நம்பர் வந்துச்சு" என்றார் பேராசிரியர். சட்டைப் பொத்தான் ஒன்றைத் திருகிக்கொண்டே இருந்தார். "அது என் பேத்தி."

"நல்ல விஷயம்தானே சார்!" என்று ரேடியோக்காரர் வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. சொல்லிட்டு முகத்தைத் திருப்பிக்கிறாங்க. மிஷின் செஞ்சவன் பேத்திக்கே விழுந்திருக்குன்னு ஆஸ்பத்திரி வராந்தா முழுக்க ஒரே முணுமுணுப்பு. நான் ஒண்ணும் பண்ணலைம்மா. ஆனா எனக்காக வேற யாராவது பண்ணியிருந்தா? இன்னிக்கு நாலு மணிக்கு ஊசி போடறாங்க. மருந்தை உறைபெட்டியிலேருந்து எடுத்தாச்சு, சாயந்தரத்துக்குள்ள போட்டே ஆகணும். அது எம் பேத்திக்கு நியாயமா வந்ததுதானான்னு எனக்குத் தெரியணும்."

"நியாயமா வரலைன்னு தெரிஞ்சா?" என்று அண்ணி கேட்டார்.

பொத்தான் கையோடு வந்துவிட்டது. பேராசிரியர் அதைப் பார்த்தார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வாடகை வண்டியில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பாலத்துக்கு முன்னால் வண்டிகள் தேங்கி நின்றன. ரேடியோக்காரர் தலையை வெளியே நீட்டுவதும் இழுப்பதுமாக இருந்தார்.

"சார், எதுக்கு மிஷின்? சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டா ஆகாதா?"

"சீட்டைக் குலுக்கறது ஒரு கை. சுண்டற காசும் அப்படித்தான். விரலோட வேகம், காத்து, தரை எல்லாம் துல்லியமா தெரிஞ்சா பூவா தலையான்னு முன்னாடியே சொல்லிடலாம். நமக்குத் தெரியலைங்கறதால அதைத் தற்செயல்னு சொல்றோம். என் மிஷின்ல ஈயக் குப்பிக்குள்ள ஒரு சிட்டிகை கதிரியக்கத் தாது இருக்கு. அதுல எந்த அணு எப்ப உடையும்னு யாராலயும் சொல்ல முடியாது. தெரியாததால இல்ல, தெரிஞ்சுக்க அங்க எதுவுமே கிடையாது. இந்த நொடியில இந்த அணு உடையக் காரணமே இல்ல."

"காரணமில்லாம ஒரு ரேடியோகூடக் கரகரக்காது சார். அணு மட்டும் எப்படி?"

"என் மாணவர்களும் இதைத்தான் கேட்பாங்க. முப்பது வருஷம் சளைக்காம பதில் சொன்னேன்." பேராசிரியர் குரல் இறங்கியது. "நேத்து இருபத்துமூணுன்னு வந்ததும் எனக்கே அந்தப் பதில் போதலை. காரணமில்லாம எப்படி எம் பேத்தி நம்பர் வரும்னு ராத்திரி பூரா உருண்டேன்."

அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார். "முப்பத்தேழு பேர்ல யாருக்காவது விழுந்துதான் ஆகணும். யாருக்கு விழுந்தாலும் அந்த வீட்டுக்கு அது அதிசயமாத்தான் இருக்கும். அதை வச்சு நான் எதையும் சந்தேகப்பட மாட்டேன். மத்ததைப் பார்ப்போம்."

மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் ஒரு சின்ன அறையில் இருந்தது இயந்திரம். ஒரு தையல் இயந்திரத்தின் மூடி அளவுக்கு மரப்பெட்டி. முன்பக்கம் ஒரு பொத்தான், எண் ஒளிரும் சிறிய கண்ணாடி. பொத்தானை அழுத்தினால் சரியாக ஒரு நிமிடம் ஓடும். அணுக்கள் உடைவது தகரக் கூரையில் மழை பெய்வது போலக் கேட்கும். அந்த ஒரு நிமிடத்தில் விழுந்த தட்டல்களை எண்ணி, முப்பத்தேழால் வகுத்து, மிச்சத்தைக் கொண்டு ஒரு எண்ணைக் காட்டும்.

ரேடியோக்காரர் பின்மூடியைக் கழற்றித் தலையை உள்ளே விட்டார். ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்தார். காந்தம் ஏதும் ஒளித்து வைத்திருக்கிறதா என்று தடவினார். அரைமணி நேரம் கழித்து வியர்வையோடு வெளியே வந்தார்.

"ஒரு பற்றவைப்புகூடப் புதுசு இல்ல அண்ணி. ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடவா?"

"பொத்தான்ல கை வைக்காதீங்க தம்பி" என்றார் அண்ணி சட்டென்று. "உள்ளே ஏதோ நம்பர் தெரியுதே, அது என்ன?"

"மொத்தக் கணக்குக் காட்டி" என்றார் பேராசிரியர். "வண்டி ஓடின தூரம் காட்டற மாதிரி. மிஷின் இதுவரைக்கும் எண்ணின தட்டல் எல்லாம் அதுல ஏறிக்கிட்டே போகும், அழிக்க முடியாது. பழுது பார்க்க வசதியா இருக்கட்டும்னு வச்சேன். இங்க இருக்கறவங்களுக்கு அது இருக்கறதே தெரியாது. முந்தாநாள் சுத்தம் பண்ண வந்தப்ப பார்த்துக் குறிச்சுக்கிட்டேன்."

அண்ணி இரண்டு எண்களையும் கேட்டுத் தன் குறிப்பேட்டில் எழுதினார். முந்தாநாள் ஆறு லட்சத்துப் பதினாலாயிரத்து இருநூற்று இருபது. இப்போது ஆறு லட்சத்து நாற்பத்துநாலாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று.

"ஒரு நிமிஷத்துல எத்தனை தட்டல் விழும்?"

"கூடக்குறைய பத்தாயிரம். நூறு இருநூறு முன்னபின்ன இருக்கும்."

"எப்ப விழும்னு சொல்ல முடியாதுன்னீங்க?"

"ஒவ்வொண்ணும் எப்பன்னு சொல்ல முடியாது. மொத்தமா எத்தனைன்னு சொல்லலாம். மழையில எந்தச் சொட்டு எங்க விழும்னு தெரியாது, வாளி நிறைய எவ்வளவு நேரமாகும்னு தெரியுமில்ல?"

அண்ணி தலையசைத்துக் குறிப்பேட்டை மூடினார். மணி பன்னிரண்டரை. ரேடியோக்காரருக்கு எரிச்சலாக வந்தது. இயந்திரத்தில் குற்றமில்லை என்றால் வேறு எங்கே தேடுவது? அண்ணியோ கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல நிதானமாக நடந்தார்.

குலுக்கலின்போது அறையில் மூன்று பேர் இருந்தார்கள். ஓட்டியவர் தலைமை மருத்துவர். சாட்சிகள் இருவர். முதல் சாட்சி, மருத்துவமனையின் பதிவேடுகளைப் பார்க்கும் அம்மாள். கோப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து, கண்ணாடியைத் தலைக்கு மேல் தள்ளிவிட்டுப் பேசினார்.

"எல்லாம் ஒழுங்காத்தான் நடந்துச்சு. முதல்ல ஒரு சோதனை ஓட்டம், அப்புறம் நிஜ ஓட்டம். அதான் விதி. 'சோதனைக்கு ஓட்டறேன்'னு சொல்லிட்டுத்தான் டாக்டர் பொத்தானை அழுத்தினார். முப்பத்தொண்ணு வந்துச்சு. எங்க வீட்டுக் கதவு நம்பர், அதான் மனசுல நின்னுடுச்சு. அப்புறம் நிஜமா ஓட்டினார், இருபத்துமூணு. பதிவேட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டோம்."

"நடுவுல நீங்க வெளியே போனீங்களா?"

"பதிவேடு எடுக்கப் போனேன். பாழாப்போன அலமாரிச் சாவி கிடைக்கலை. பத்து நிமிஷம் ஆகியிருக்கும். நான் வர்ற வரைக்கும் டாக்டர் நிஜ ஓட்டத்தை ஆரம்பிக்கலையே."

இரண்டாம் சாட்சி, பெற்றோர் சங்கத் தலைவர். தொழில் தையல். அவருடைய மகளுக்கு இரண்டு வருடத்துக்கு முன்பே குலுக்கலில் ஊசி கிடைத்துவிட்டதால் அவருக்கு இதில் ஆதாயமில்லை. மருத்துவமனைக்கு எதிரே கடை. அளவு நாடா கழுத்தில் தொங்க, கால் மிதியை நிறுத்தாமலே பேசினார்.

"ஒரு கால்சட்டைக்காரர் விடலை, கொஞ்சம் தாமதமாத்தான் போனேன். டாக்டர் மட்டும்தான் இருந்தார். நான் போனதும் ஓட்டினார். முன்னாடி ஒரு பூஜ்யம் போட்டு எட்டுன்னு வந்துச்சு. டாக்டர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கிட்டிருந்தார். அப்புறம், 'இது சோதனை ஓட்டம்'னார். அதுக்குள்ள பதிவேட்டம்மா வந்துட்டாங்க. நிஜ ஓட்டம் ஓட்டினார், இருபத்துமூணு. ஒரு சோதனை, ஒரு நிஜம். எல்லாம் விதிப்படிதான்."

"எட்டாம் நம்பர் யாருன்னு தெரியுமா?"

"தெரியாதும்மா. இந்த வருஷம் நம்பரெல்லாம் மாத்திட்டாங்க. அவங்கவங்க வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான் தெரியும்."

தெருவைக் கடக்கும்போது ரேடியோக்காரர் பொறுக்காமல் சொன்னார். "ரெண்டு பேரும் அச்சடிச்ச மாதிரி ஒரே கதை சொல்றாங்க அண்ணி. சோதனையில என்ன வந்துச்சுங்கறதுல மட்டும் ஒருத்தருக்கு ஞாபகம் பிசகியிருக்கு. நாம வந்தது வெட்டி வேலை."

"ஞாபகம் ரெண்டு பேருக்குமே நல்லாத்தான் இருக்கு" என்றார் அண்ணி. முதல் தடவையாக அவர் நடை வேகமாயிற்று. "வாங்க. எட்டாம் நம்பர் கோப்பைப் பார்த்துட்டு எல்லாரையும் அந்த அறைக்குக் கூப்பிடணும்."

மூன்றே காலுக்கு அந்தச் சின்ன அறையில் ஆறு பேர் நின்றார்கள். தலைமை மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "சீக்கிரம் சொல்லுங்க. கீழே குழந்தை தயாரா இருக்கு" என்றார். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போன, மெலிந்த மனிதர். பேராசிரியர் சுவரில் சாய்ந்திருந்தார்.

"இருபத்துமூணு எப்படி வந்துச்சுன்னுதான் எல்லாரும் கேட்டாங்க" என்று தொடங்கினார் அண்ணி. "அது தானா வந்துச்சு. மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல. ஆனா யாருக்கு வந்துச்சுன்னு பார்த்தவங்க, யாருக்கு வராமப் போச்சுன்னு பார்க்கலை." பதிவேட்டு அம்மாளிடம் திரும்பினார். "நீங்க எத்தனை ஓட்டம் பார்த்தீங்க?"

"ரெண்டு."

"சோதனையில?"

"முப்பத்தொண்ணு."

"எட்டு!" என்றார் தையல்காரர். "முப்பத்தொண்ணு வரவே இல்லையே?"

"ரெண்டு பேர் சொல்றதும் நிஜம்" என்றார் அண்ணி. "மிஷின்ல முந்தாநாளுக்கும் இன்னிக்கும் நடுவுல முப்பதாயிரத்து நூத்தி எழுபத்தொரு தட்டல் ஏறியிருக்கு. ஒரு ஓட்டத்துக்குப் பத்தாயிரம். ரெண்டு ஓட்டம்னா இருபதாயிரம்தான் ஏறியிருக்கணும். நேத்து மூணு ஓட்டம் நடந்திருக்கு. முதல் ஓட்டம் முப்பத்தொண்ணு, தையல்காரர் அப்ப வரலை. ரெண்டாவது எட்டு, பதிவேட்டம்மா சாவி தேடிக்கிட்டிருந்தாங்க. மூணாவது இருபத்துமூணு, அதை ரெண்டு பேரும் பார்த்தாங்க. ஒவ்வொருத்தரும் ரெண்டுதான் பார்த்தாங்க, ரெண்டும் விதிப்படி இருந்துச்சு. மூணையும் பார்த்தவர் ஒருத்தர்தான்."

எல்லோரும் மருத்துவரைப் பார்த்தார்கள்.

"ஒரு சோதனைக்கு ரெண்டு சோதனையா ஓட்டினேன். சங்கத் தலைவர் பார்க்கணும்னு இன்னொண்ணு ஓட்டினேன். அதுல என்ன தப்பு?" என்றார் மருத்துவர்.

"தப்பில்ல, ஓட்டறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா. முப்பத்தொண்ணை ஓட்டறதுக்கு முன்னாடியே சோதனைன்னு சொன்னீங்க. எட்டை, நம்பர் வந்தப்புறம் சொன்னீங்க." அண்ணியின் குரல் உயரவே இல்லை. "ஒண்ணே ஒண்ணு கேட்கறேன் டாக்டர். அந்த ஓட்டத்துல எட்டு வராம வேற நம்பர் வந்திருந்தா, அதைச் சோதனைன்னு சொல்லியிருப்பீங்களா?"

வெளியே ஒரு தள்ளுவண்டி கடகடத்துக்கொண்டு போனது. மருத்துவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

"மாட்டேன்" என்றார்.

அவரே தொடர்ந்தார். "நிஜ ஓட்டமாத்தான் அழுத்தினேன். எட்டாம் நம்பர் பையனுக்கு அடுத்த வாரம் ரெண்டு வயசு முடியுது. தலை நிக்கலை. ராத்திரியில மூச்சுக்கு மிஷின். இந்த ஊசி போட்டா இருக்கறது அப்படியே நிக்கும், போனது திரும்பாது. இருபத்துமூணாவது பொண்ணுக்கு ஒன்பது மாசம். இப்பவே போட்டா நடப்பா, ஓடுவா. நோய் ரொம்ப முத்தின குழந்தைகளைக் குலுக்கல்லேருந்து நீக்குங்கன்னு போன வருஷம் எழுதிக் கேட்டேன், கமிட்டி ஒத்துக்கலை. நேத்து எட்டைப் பார்த்ததும் வாயிலேருந்து அது வந்துடுச்சு. யோசிச்சுச் சொல்லலை. அடுத்து யார் வருவாங்கன்னு எனக்குத் தெரியாது, சத்தியமா. ஒரு ஊசி வீணாப் போகக் கூடாது, அவ்வளவுதான்."

"வீணுன்னு அவங்க அப்பாகிட்ட சொல்லிப் பாருங்க" என்றார் தையல்காரர். "எம் பொண்ணுக்கும் ஒன்றரை வயசுலதான் கிடைச்சுது. அவ நடக்கலை. கையைத் தூக்கி என் நாடாவைப் பிடிச்சு இழுப்பா. அது வீணா?"

பதிவேட்டு அம்மாள், "இப்ப என்னதான் செய்யறது? நாலாகப் போகுது" என்று கைகளைப் பிசைந்தார்.

அப்போதுதான் பேராசிரியர் சுவரை விட்டு நகர்ந்து இயந்திரத்துக்குப் பக்கத்தில் வந்தார். ரேடியோக்காரருக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இந்த ஆளே வந்து கேட்காமல் இருந்திருந்தால் இன்னும் அரைமணியில் அவருடைய பேத்திக்கு ஊசி ஏறியிருக்கும் என்ற நினைப்பு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

"டாக்டர் சொல்ற கணக்கு தப்பில்ல" என்றார் பேராசிரியர் மெதுவாக. "ஆனா யாருக்குப் போடறதுன்னு நாம யாரும் முடிவு பண்ணக் கூடாதுன்னுதான் இந்தப் பெட்டியைச் செஞ்சோம். வந்த நம்பர் பிடிக்கலைன்னா மறுபடி ஓட்டலாம்னா, அதுக்குள்ள இருக்கறது அணுவா இருந்தா என்ன, சீட்டா இருந்தா என்ன? மருந்து எட்டோடது."

மருத்துவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பதிவேட்டு அம்மாள் அதற்குள் பதிவேட்டை விரித்து, இருபத்துமூன்றைக் கோடிட்டு அடித்து, பக்கத்தில் எட்டு என்று எழுதிவிட்டார். தையல்காரர் கையெழுத்திட்டார். பேனாவை வாங்கிய மருத்துவர் வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் கையெழுத்திட்டார். "நடந்ததை மேலிடத்துக்கு நானே எழுதிடறேன்" என்றார்.

பேராசிரியர் மாடிப்படியில் கீழே இறங்கினார். ரேடியோக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் வார்டு வாசலில் குழந்தையோடு நின்றிருந்தாள். குழந்தைக்குப் புதுச் சட்டை. அப்பா சொல்லி முடிக்கும்வரை அவள் குறுக்கே பேசவில்லை.

"யாருப்பா உங்களை விசாரிக்கச் சொன்னது?" என்றாள்.

"நான்தாம்மா..."

"நாங்க கேட்டோமா? நான் கேட்டேனா?"

அவர் கையை நீட்டினார். அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வராந்தாவின் மறுகோடியிலிருந்து ஒரு ஆள் ஓடி வந்தார். லாரி ஓட்டுகிறவர். எட்டாம் எண்ணின் தகப்பன். விவரம் எதுவும் முழுசாகத் தெரியாது; ஊசி என்று சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள், வந்திருக்கிறார். "சார், உங்க மிஷின்ல எங்க நம்பர் வந்துச்சாமே!" என்று பேராசிரியரின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பேராசிரியர் தலையை மட்டும் ஆட்டினார்.

அந்தப் பையனுக்கு ஊசி போட்டார்கள். இரண்டு மாதம் கழித்து ராத்திரி மூச்சு இயந்திரத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க முடிகிறது என்று செய்தி வந்தது. தலை இன்னும் நிற்கவில்லை. தலைமை மருத்துவரைக் குலுக்கல் வேலையிலிருந்து விலக்கினார்கள். மருத்துவம் பார்ப்பதிலிருந்து விலக்கவில்லை. அவரை விட்டால் அங்கே வேறு ஆள் இல்லை.

மூன்றாவது மாதம் பொத்தானை அழுத்துவதற்கு ரேடியோக்காரரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் அறைக்குள் நுழைந்தபோது மூன்றாவது சாட்சியாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பேராசிரியரின் மகள். தானே கேட்டு வாங்கிய இடமாம்.

"மூணு பேரும் இருக்கோம். யாரும் எழுந்து போகாதீங்க" என்றாள். "இது சோதனைன்னு முதல்ல சத்தமா சொல்லுங்க. அப்புறம் அழுத்துங்க."

சொன்னார். அழுத்தினார். ஏதோ ஒரு எண் வந்தது. பிறகு, "இது நிஜ ஓட்டம்" என்று சொல்லி மறுபடி அழுத்தினார். தகரத்தின் மேல் மழை போல அந்தச் சத்தம் ஒரு நிமிடம் அறையை நிறைத்தது. அவள் எண் ஒளிரும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள், இமைக்கவில்லை.

பதினான்கு.

அவளே பதிவேட்டை இழுத்து அந்த எண்ணை எழுதினாள். எழுத்து நேராக இருந்தது. "அடுத்தது என்னிக்கு?" என்று தேதியைக் கேட்டுக்கொண்டு எழுந்தாள்.

வெளியே பெஞ்சில் பேராசிரியர் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே வர அவருக்கு மனமில்லை. ரேடியோக்காரரைப் பார்த்ததும் எழப் போய், குழந்தை தூங்குவதைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தார்.

"எத்தனை?"

"பதினாலு சார்."

அவர் குழந்தையின் பாதத்தை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். "ஓட்டம் ஒழுங்கா நடந்துச்சா?"

"ஒழுங்கா நடந்துச்சு சார். உங்க பொண்ணு பக்கத்துல இருந்து பார்த்தாங்க."

மகள் வந்து கையை நீட்டினாள். அவர் குழந்தையைக் கொடுத்தார். அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு இரண்டடி நடந்தாள், நின்றாள்.

"வாங்கப்பா, போகலாம்" என்றாள்.